ஒரு பெல்ட்டுக்கு ஒரு இடுப்பு

மூன்று முறை இழுக்கிறார். முதல் இழுப்பு மெதுவாக, கோயில் மணிக் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல. இரண்டாவது கொஞ்சம் பலமாக. மூன்றாவதில் ஒரு காலைக் காரின் படியில் ஊன்றி, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க இழுக்கிறார். கார் லேசாக ஆடுகிறது. பெல்ட்டு வரவில்லை. "நல்ல புள்ள," என்று அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த பெல்ட்டுக்குப் போகிறார். காரில் ஐந்து பெல்ட்டுகள். ஆக, பதினைந்து இழுப்பு. அதற்குப் பிறகுதான் தம்பிராஜா அண்ணன் காலைத் தேத்தண்ணியைத் தொடுவார். ஆறிப்போயிருக்கும். ஆறியதைத்தான் குடிப்பார்.

மலாக்கா டவுனில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஏறுகிறவரைப் பார்த்து "எங்க?" என்று கேட்பார்கள். இவர் "கட்டியாச்சா?" என்று கேட்பார். நீங்கள் செமாபோக் போகிறீர்களா, சிங்கப்பூர் போகிறீர்களா என்பதெல்லாம் பிறகு. கட்டாதவருக்கு அவர் காரில் ஊரே கிடையாது.

ஆளைச் சொல்லிவிடுகிறேன். காஜா பெராங்கில் எங்களுக்கு அடுத்த வீடு. முப்பத்தெட்டு வயது. கடற்கரைத் தென்னைபோல் முன்னால் வளைந்த உயரம். காக்கிக் கால்சட்டை. மற்ற டாக்சிக்காரர்கள் சட்டைப் பையில் சிகரெட்டு வைக்கிற இடத்தில் இவர் பல் துலக்கும் பிரஷ் ஒன்றை வைத்திருப்பார். அது பல்லுக்கு அல்ல, பெல்ட்டின் கொக்கிக்கு. கச்சான் கடலை தின்றுகொண்டே ஏறுகிற பிள்ளைகள் தோலைக் கொக்கிக்குள் உதிர்த்துவிடுமாம். அப்புறம் பெல்ட்டின் நாக்கு முழுசாக உள்ளே போய் மாட்டாது, மாட்டியதுபோல் நடிக்கும். அதனால் ஒவ்வொரு சவாரிக்கும் பிறகு பிரஷ்ஷால் கூட்டிப் பெருக்குவார். எண்ணெய் விட்டால் வேலை சுலபமல்லவா என்று ஒருமுறை கேட்டேன்.

"எண்ண விட்டா தூசு குடித்தனம் வந்துடும் சீதா. வந்த தூசு வாடகையும் குடுக்காது, காலி பண்ணவும் செய்யாது," என்றார்.

ஐம்பத்தேழில் சுதந்திரம் வந்த இந்த நாட்டுக் கார்களில் பெல்ட்டு என்ற ஒன்றே இன்னும் கிடையாது. பெரிய துரைமார் காரிலும் கிடையாது. இவர் காரில் மட்டும் எப்படி வந்தது என்றால், சுதந்திரத்துக்கு முன்னால் வடக்கே ஒரு விமானத்தளத்தில் இவர் சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். ஒரு நாள் சின்ன விமானம் ஒன்று இறங்கி, நிற்க மறந்து, ஓடுபாதையைத் தாண்டிச் சேற்றில் மூக்கைக் குத்தியது. ஓட்டிய வெள்ளைக்காரர் இடுப்புப் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு இறங்கி வந்து தேத்தண்ணி கேட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த ஆபீஸ் கிராணி, சிகரெட்டு பற்ற வைக்க வசதியாக ஒரு நிமிஷம் முன்னால்தான் தன் பெல்ட்டைக் கழற்றியிருந்தார். அவருக்கு இரண்டு தோள்பட்டை எலும்பும் போயிற்று. "ஒரே வண்டி, ஒரே சேறு. ஒருத்தருக்குத் தேத்தண்ணி, ஒருத்தருக்கு மாவுக்கட்டு," என்பார் அண்ணன். தளத்தில் பழைய சாமான்களை ஏலம் போட்டபோது மற்றவர்கள் மேசை, நாற்காலி, கொசுவலை என்று அள்ளினார்கள். இவர் யாரும் கட்டியிராத ஐந்து புதுப் பெல்ட்டுகளைத் தோளில் மாலைபோல் போட்டுக்கொண்டு ரயிலேறினார்.

பட்டறைக்காரர் பெல்ட்டைச் சீட்டோடு சேர்த்துத் திருகினால் போதும் என்றாராம். "சீட்டும் ஒரு பயணிதாங்க. பிரேக்கு போட்டா அதுவும் கெளம்பிடும். ஓடுற ஆள ஓடுற ஆளோட கட்டி என்ன பிரயோசனம்?" என்று அண்ணன் சொல்லி, காரின் தரையையே துளைத்து, அடியில் மசால் வடை அளவுக்கு ஓர் இரும்புத் தகடு கொடுத்து, போல்ட்டை முறுக்கினார். வெறும் போல்ட்டு மெல்லிய தரையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வடை இருந்தால் வராது.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வரிசையில் பெண்கள் தலைமுழுகுவார்கள், பெல்ட்டுகளும் முழுகும். வெதுவெதுப்பான தண்ணீர், லேசான சவுக்காரம், வெறும் கை. கல்லில் அடிக்கக் கூடாது, வெளுப்புத்தூள் போடக் கூடாது, வெயிலில் காயக் கூடாது. மாமரத்து நிழலில் கொடி கட்டிப் பட்டையாகத் தொங்கவிட்டு, ஓரத்தில் நூல் பிசிறியிருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். வீணை மீட்டுகிறவர் முகம் அப்போது இருக்கும். அந்த அகலப் பட்டைகளைப் பார்த்த அக்கம்பக்கத்தார், அவர் மனைவி சிவகாமசுந்தரி அண்ணிக்குத் தீராத முதுகுவலி, அதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கட்டு என்று ஒரு மாதம் பேசிக்கொண்டார்கள். அந்தக் கதையைக் கிளப்பியது யார் என்று நான் சொல்லப் போவதில்லை.

ஒரு முறை சவாரியில் கூடப் போனபோது, பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு துணிக்கடைக்காரர்களை ஒரே சீட்டில் உட்காரவைத்து, இந்த ஓரத்துப் பட்டையையும் அந்த ஓரத்துக் கொக்கியையும் சேர்த்து இருவரையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டேன். ஜாலான் பெண்டஹாரா ரோட்டில் ஒருவர் இறங்க எழுந்தபோது மற்றவரும் கூடவே எழ வேண்டியதாயிற்று. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகப் பேசிக்கொண்டார்கள். நல்ல பேச்சு இல்லைதான். அன்றைக்கு மட்டும் அண்ணன் என் மேல் கோபப்பட்டார்.

"ஒரு பெல்ட்டுக்கு ஒரு இடுப்பு. வெளயாட ஒனக்கு வேற சாமானா இல்ல? மூக்குப்பொடி டப்பாவுல மொளகாத்தூள் போடு, நானே கேக்க மாட்டேன். இதுல கை வைக்காத."

மிளகாய்த்தூள் யோசனை நல்ல யோசனை. அது வேறு கதை.

இவ்வளவு செய்தும் சனங்கள் அந்தக் காரில் ஏறத் தயங்கினார்கள். எங்கள் கம்பத்துக் குடியிருப்பில் அதற்குப் பெயர் 'பாடை'. ஏற்றிவைத்துக் கட்டுகிறார்களே, அதனால். பெயர் வைத்தவர் கலியாணசுந்தரம், அவரும் டாக்சிக்காரர். "நம்ம வண்டில எட்டுப் பேரு ஏறலாம். கட்டு கெடயாது, பாட்டு உண்டு," என்று மார்க்கெட்டு முனையில் கூவுவார். ஊருக்குப் புரியவைக்க அண்ணன் ஆயுதபூசைக்கு மறுநாள் இரண்டு பூசணிக்காய்களை வாங்கினார். ஒன்றுக்குப் பெல்ட்டு போட்டார், ஒன்றைச் சும்மா வைத்தார். திடலில் வேகமாக ஓட்டிவந்து பிரேக்கை மிதித்தார். கட்டின பூசணி சீட்டிலேயே சாமியார்போல் உட்கார்ந்திருந்தது. கட்டாதது முன்பக்கம் போய் மோதிச் சிதறி, விதையெல்லாம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அண்ணன் இறங்கி விளக்கம் சொல்ல வாயெடுத்தார். ஆனால் கூட்டத்தார், புது மாதிரி திருஷ்டி கழிக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த நாள் நாலு டாக்சிக்காரர்கள் பூசணிக்காயோடு திடலில் வரிசையில் நின்றார்கள், கலியாணசுந்தரம் உட்பட.

இதெல்லாம் அண்ணனுக்குச் சிரிப்புதான். சிரிக்க முடியாத ஒன்று வீட்டுக்குள் இருந்தது. அண்ணி முழுகாமல் இருந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷம்; நடுவில் இரண்டு தங்கவில்லை. இது தங்கி, எட்டாம் மாதமும் தாண்டிவிட்டது. பிரசவத்துக்குத் துணையாகப் புக்கிட் ரம்பாயிலிருந்து அண்ணியின் அம்மா பொன்னம்மா வந்து இறங்கினார். முதல் நாளே காரைச் சுற்றி வந்து பார்த்தார். பெல்ட்டைப் பாம்பைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினார்.

"மாப்ள, இதுல எம் பொண்ணு ஏற மாட்டா."

"ஏன் அத்தை?"

"புள்ள வர்ற நேரத்துல வீட்டுல ஒரு முடிச்சு இருக்கக் கூடாது, ஒரு பூட்டு பூட்டியிருக்கக் கூடாது. தலமுடியக்கூட அவுத்துத்தான் விடுவோம். அப்பத்தான் வழி தெறக்கும். நீங்க என்னடான்னா இடுப்புலயே பூட்டப் போடறேங்கறீங்க."

"கட்டாம என் காரு நகராது அத்தை."

"அவுக்காம எங்க வீட்டுல புள்ள பொறக்காது மாப்ள."

பெரிய ஆஸ்பத்திரி இரண்டு மைல் தூரம். இரண்டு முறை இழந்தவரை டாக்டர் அங்கேதான் வரச் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் இப்படி நிற்க, நடுவில் வயிறு தன் பாட்டுக்கு வளர்ந்தது.

அண்ணன் பாடம் நடத்திப் பார்த்தார். சட்டைக்குள் தலையணையைச் செருகிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக் காட்டினார். "வயித்து மேல இல்ல அத்தை, வயித்துக்குக் கீழ. தொடைக்கு மேல, இடுப்பெலும்போட ஒட்டி. அந்த எலும்பு அம்மிக்கல்லு, தாங்கும். வயிறு தாங்காது. முறுக்கிக்கக் கூடாது, முறுக்கினா அது கயிறு, கயிறு அறுக்கும். பட்டையா இருக்கணும். ரெண்டு விரல் நொழைஞ்சா போதும்." பொன்னம்மா வெற்றிலை மடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எதிர்வீட்டு நல்லையா மட்டும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அவர் சிட்டி வம்சம், மலாக்காவில் பல தலைமுறை வாழ்ந்து தமிழ் மறந்த குடும்பம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். அண்ணனின் தலையணை வயிற்றைப் பார்த்து, "பிலா பெரானாக்?" என்றார். எப்போது பிரசவம் என்று அர்த்தம்.

"புலான் டெபான்," என்றார் அண்ணன், முகம் மாறாமல். அடுத்த மாதம்.

மாமியாரைச் சமாதானப்படுத்த இன்னொரு வழியும் தேடினார். கட்டாமலே ஆளைப் பிடித்து நிறுத்துகிற ஒன்று இருந்தால்? லாரி டயரின் பழைய டியூபை வாங்கி, அதற்கு உறை தைத்து, காற்றடித்து முன் சீட்டுக்கு எதிரே பொருத்தினார். காற்றுத் தலையணை. சோதனைக்கு உட்கார வந்தவர் வட்டிக்கடைக் கணக்கர் சொக்கப்பன் செட்டியார். இலவசச் சவாரி என்றால் எரிமலைக்கும் வருவார். அவர் பெல்ட்டை அண்ணன் ஒரு முழம் தளர்த்திவிட்டார், முகம் தலையணை வரை போகட்டும் என்று. முந்தின சாயங்காலம் அந்த டியூபுக்குச் சைக்கிள் பம்பால் நான் கூடுதலாக நூறு அடி அடித்திருந்தேன். அறிவியலுக்கு என்னால் ஆன உதவி.

பிரேக்கு விழுந்தது. செட்டியார் முன்னால் போனார். தலையணையைத் தொட்டார். போனதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வந்தார். மூக்குக் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சாக்கடைக்குப் போயிற்று.

"தம்பி, இது ஆளக் காப்பாத்தவா, அடிக்கவா? முன்னாடியே சொல்லிட்டா கன்னத்தக் காட்டிக்கிட்டு வருவேன்ல," என்றார் செட்டியார்.

அண்ணன் ஸ்டியரிங்கில் தாடையை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு ஓர் ஆணியால் டியூபில் நாலு ஓட்டை போட்டு, விரைவாகக் காற்றடித்து, செட்டியாரை மறுபடி கெஞ்சி உட்காரவைத்தார். இந்த முறை தலையணை "ஹூம்" என்று பெருமூச்சு விட்டு, செட்டியார் முகத்தை வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சுருங்கியது. செட்டியார் அதிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தார், சுகமாக இருந்ததாம். ஆனால் மூன்றாவது சோதனைக்கு ஓட்டிவருவதற்குள் காற்றெல்லாம் இறங்கிவிட்டது.

"புரிஞ்சிடுச்சு சீதா. மொகம் வர்றதுக்கு முன்னாடி நெறயணும், வந்தவொடனே எறங்கணும். ரெண்டும் கண் சிமிட்டுற நேரத்துல. மூச்சால ஊத முடியாது, பம்பால அடிக்க முடியாது. வெடிச்சாத்தான் உண்டு."

அன்று மாலை அவர் தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த சரவெடியைக் கையில் வைத்துக்கொண்டு டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி வீட்டிலிருந்த தீப்பெட்டிகளை எல்லாம் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

"எவனாச்சும் ஒருத்தன் செஞ்சிடுவான்," என்று அண்ணன் டியூபைக் கழற்றினார். "செஞ்சாலும் பெல்ட்டு வேணும். பெல்ட்டத் தளத்திட்டுத் தலகாணிய மட்டும் நம்பினா செட்டியாரு கதிதான்."

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வலி வந்தது.

பொன்னம்மா முதலில் மகளின் கொண்டையை அவிழ்த்தார். அடுத்து வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "சீதா, கண்ணுல படுற முடிச்சு, பூட்டு ஒண்ணு விடாத. எல்லாத்தையும் அவுத்து விடு." என் பதினாறு வயதில் பெரியவர் ஒருவர் எனக்கு இட்ட ஒரே சரியான உத்தரவு அது. அலமாரியைத் திறந்தேன். அரிசிப் பெட்டியைத் திறந்தேன். கொசுவலையை அவிழ்த்தேன். துணிக்கொடியை அவிழ்த்தேன், துணியோடு. இரண்டு வருஷமாக வாசல் மூங்கிலில் பறந்துகொண்டிருந்த மெர்டேக்கா சுதந்திரக் கொடியின் கயிற்றைத் தளர்த்தி, மரியாதையாக மடித்து உள்ளே வைத்தேன். செட்டியார் வீட்டுக் கிளிக்கூண்டைத் திறந்தேன். கிளி யோசித்துவிட்டு உள்ளேயே இருந்தது. தபால்காரர் வந்தார், அவர் சப்பாத்துக் கயிற்றையும் அவிழ்த்தேன். கடைசியில், தெருவோரம் நல்லையா கட்டிப் போட்டிருந்த மூன்று ஆடுகள். அவற்றையும்.

திரும்பி வந்தபோது, அண்ணி காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் அண்ணன், பெல்ட்டின் நாக்கைக் கையில் பிடித்தபடி. மறுபக்கம் பொன்னம்மா, கதவில் முதுகைக் கொடுத்தபடி.

"நேரமாவுது மாப்ள, எடுங்க."

"கட்டச் சொல்லுங்க அத்தை."

"மாட்டேன். ரெண்டு தடவ போச்சு. இந்தத் தடவ ஒரு கொறையும் வைக்க மாட்டேன்."

"அதே ரெண்டு தடவைக்குத்தான் நானும் கட்டச் சொல்றேன்."

அண்ணி ஒரு வலியை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் இங்கயே நின்னுகிட்டுப் பெத்துக்கறேன்."

அண்ணன் பெல்ட்டைக் கையிலிருந்து விட்டார். நான் அப்படி ஒரு முகத்தை அவரிடம் பார்த்ததில்லை. "ஏறுங்க. யாரும் கட்ட வேணாம்," என்றார். பின்னால் நடுவில் பொன்னம்மா, வலப்புறம் அண்ணி, இடப்புறம் துணி மூட்டையும் பிளாஸ்க்குமாக நான். கார் கிளம்பியது. கிளம்பியது என்று சொல்லலாமா தெரியவில்லை. நகர்ந்தது. நகர்வலத்தில் சாமி போகுமே, அப்படி.

"என்ன மாப்ள இது?"

"கட்டாத காரு இந்த வேகந்தான் அத்தை. இப்ப முட்டினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இதுக்கு மேல போனா ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது." அவர் விளையாடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. பிடரியில் வேர்வை கோடாக இறங்கியது.

ஐஸ் தண்ணீர் வண்டி எங்களைத் தாண்டியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தாண்டி, திரும்பிப் பார்த்து, நின்று, மறுபடி தாண்டின. நல்லையா ஜன்னலோடு ஜன்னலாக நடந்து வந்து, "சுடா?" என்று கேட்டார். ஆயிற்றா என்று. இன்னும் ஆகவில்லை என்று நான் தலையாட்டினேன். தன் ஆடுகளும் பின்னால் வருவதை அவர் கவனிக்கவில்லை. எதற்கோ ஊர்வலம் போகிறது, கடைசியில் தழை கிடைக்கும் என்று அவை நினைத்திருக்க வேண்டும்.

கலியாணசுந்தரத்தின் டாக்சி எட்டுப் பேரோடு வந்து பக்கத்தில் மெதுவானது. "என்னண்ணே, பாடை தோள்லயா போவுது?"

பொன்னம்மா மகள் மடிக்குக் குறுக்கே சாய்ந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "வாய மூட்றா. அது எம் மாப்ள காரு." கலியாணசுந்தரம் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார், முகம் சுருங்கி, வண்டியை விரட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்போது அண்ணிக்கு ஒரு வலி வந்தது. அது முன்னவற்றைப்போல் வந்து போகவில்லை, வந்து நின்றது. அண்ணி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் பொன்னம்மாவின் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது.

"மாப்ள. வேகமா."

"கட்டினா வேகம் அத்தை." கெஞ்சல் அது.

பிறகு பொன்னம்மா தன் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். பேரப்பிள்ளைக்காக மாரியம்மனுக்கு நேர்ந்து கட்டிய மஞ்சள் கயிறு. அதைப் பல்லால் கடித்து அறுத்தார். "தாயே, ஒண்ணக் கட்டறதுக்கு ஒண்ண அவுத்துட்டேன். கணக்கு சரி," என்று முணுமுணுத்துவிட்டு, மகளின் பெல்ட்டை எடுத்தார். முறுக்கை நீவிப் பட்டையாக்கினார். வயிற்றுக்குக் கீழே, தொடைக்கு மேலே, எலும்போடு ஒட்ட இழுத்து மாட்டினார். கொக்கி சத்தம் கேட்டது. இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். பிறகு தனக்கும் கட்டிக்கொண்டார்.

அண்ணன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். "எப்ப கத்துக்கிட்டீங்க?"

"வந்த நாளா காதுல ஊத்துறீங்களே. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

"சீதா, கட்டியாச்சா?"

"ஆச்சுண்ணே," என்றேன். பட்டையை மடிக்குக் குறுக்கே போட்டு நுனியை மூட்டைக்கு அடியில் செருகியிருந்தேன். மாட்டவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். ஏமாற்றுவது எனக்குக் கைப்பழக்கம்.

கார் பாய்ந்தது. ஊர்வலம் சிதறியது. பிள்ளைகள் ஒதுங்கினார்கள், நல்லையா ஒதுங்கினார், இரண்டு ஆடுகள் ஒதுங்கின. மூன்றாவது ஆடு மட்டும், எங்களோடு போட்டி போட்டுப் பக்கவாட்டில் ஓடிவந்து, திடீரென்று குறுக்கே வெட்டியது.

அண்ணன் பிரேக்கில் ஏறி நின்றார் என்றே சொல்ல வேண்டும். அண்ணியின் உடம்பு முன்னால் போனது, இடுப்பு போகவில்லை. தலை தாழ்ந்து, அவிழ்ந்த முடி முகத்தில் விழுந்து, அப்படியே திரும்பிச் சீட்டில் சாய்ந்தார். வயிறு எதிலும் படவில்லை. பொன்னம்மாவும் அப்படியே. நான்தான் மூட்டையும் பிளாஸ்க்குமாகப் பறந்து முன் சீட்டின் முதுகைக் கடித்தேன்.

ஆடு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

அண்ணன் திரும்பினார். கண்கள் அண்ணியின் வயிற்றில் நின்றன. அண்ணி முகத்திலிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, வயிற்றில் கை வைத்து, கொஞ்சம் காத்திருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "ஒதைக்குது. ஆட்டத்தான் ஒதைக்குதோ என்னவோ. எடுங்க, அதுக்கு அவசரம்."

எடுக்கும் முன் அண்ணன் என்னைப் பார்த்தார். என் உதட்டில் ரத்தம். கையில், முன்பல்லில் பாதி. மடியில் மாட்டாத பட்டை. கையை நீட்டி என் பெல்ட்டை மாட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். ஆட்டை அவிழ்த்தது நான்தான் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை அவர் வீட்டுக்கும் வருகிறது, படித்துக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரியில் அண்ணியை உருளும் கட்டிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தியது. மற்ற ஆண்களாக இருந்தால் தாழ்வாரத்தில் முன்னும் பின்னும் நடப்பார்கள். அண்ணன் காருக்குப் போனார். அரை மணி கழித்து, அண்ணி கட்டியிருந்த பெல்ட்டை முழுசாகக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் பொன்னம்மா. நான் உதட்டில் பஞ்சோடு.

வெளிச்சம் இருக்கும்போதே கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பி வைத்த நர்ஸ் மிஸ்ஸி எட்டிப் பார்த்து, "பொம்பளப் புள்ள. அம்மாவும் புள்ளயும் நல்லா இருக்காங்க," என்றார்.

அண்ணன் தலையாட்டினார். மறுபடி ஆட்டினார். "மிஸ்ஸி, ஒரு கத்தரிக்கோல் கெடைக்குமா?" என்றார்.

மிஸ்ஸி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் பெல்ட்டை விரித்தார்.

பொன்னம்மா பதறிப்போய் அதைப் பிடித்தார். "என்ன பண்றீங்க? புள்ளயக் காப்பாத்தின பெல்ட்டு. தொட்டில் கட்ட ஆகும், எனக்குக் குடுங்க. எவ்ளோ கெட்டியா இருக்கு பாருங்க."

"ஆகாது அத்தை. பலமா ஒரு தடவ இழுபட்டுடுச்சு. உள்ளுக்குள்ள நூல் விட்டிருக்கும், வெளிய தெரியாது. பாக்க நல்லா இருக்கும், அடுத்த தடவ கைய விரிச்சிடும். முழுசா தூக்கிப் போட்டா எவனாச்சும் எடுத்து மாட்டிக்குவான். துண்டு துண்டா வெட்டித்தான் போடணும்."

கத்தரியை வைத்தார். நெசவு தடிப்பு, வழுக்கியது. மறுபடி வைத்தார். இந்த முறை பட்டை மடங்கிக் கத்தரிக்கு நடுவில் சிக்கியது. மூன்றாவது முறை பட்டை மடியில் சுருண்டு விழ, அண்ணன் குனிந்தபடியே இருந்தார், நிமிரவில்லை.

பொன்னம்மா வெற்றிலைப் பையைக் கீழே வைத்தார். எழுந்து வந்து மாப்பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பட்டையின் இந்த முனையை ஒரு கையிலும் அந்த முனையை மறுகையிலும் இரண்டு சுற்றுச் சுற்றி, விறைப்பாக இழுத்து, கத்தரிக்கு வாகாக அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.